குழம்புக்குத் தண்டனை, கிருமிக்கு விடுதலை

திருவண்ணாமலையின் செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் சில மாதங்களாக ஒரு சிறு வெளியீடு கை மாறிக்கொண்டிருக்கிறது. பதினாறு பக்கம். கிரிவலம் வருகிறவர்களுக்கும், அறை எடுத்து மாதக்கணக்கில் தங்கியிருக்கும் வெளியூர்க்காரர்களுக்கும், எங்கள் தெருப் பெண்களுக்கும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். நாள்பட்ட இரைப்பை அழற்சிக்குக் காரணமும் தீர்வும் உள்ளே இருப்பதாக அட்டை சொல்கிறது. எழுதியவரின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அவர் எழுதியதோடுதான் எனக்குச் சண்டை.

அவர் சொல்வதன் சாரம் இது. இரைப்பை அழற்சிக்குக் காரணம் மிளகாய், புளி, வெங்காயம், பூண்டு ஆகிய ராஜச உணவுகள். அவற்றைத் தின்பவர்களின் கோபமும் ஆசையும் வயிற்றில் அமிலமாக ஊறுகின்றன. கிருமி என்பது மருந்து வியாபாரிகள் காட்டும் பூச்சாண்டி. அது எல்லார் வயிற்றிலும் இருக்கிறது. இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது வீண் செலவு. சாத்விக உணவும் நாலு வேளைப் பாலும் ஒரு மண்டலம் எடுத்தால் எந்த வயிற்றுப் புண்ணும் ஆறிவிடும். பகவான் ரமணர் காட்டிய வழி இதுதான்.

வெறும் கருத்துப் பிழை என்றால் படித்துவிட்டு மடித்து வைத்திருப்பேன். இந்தப் பிழை ஆளைப் படுக்கையில் தள்ளுகிறது. எங்கள் வீட்டிலேயே தள்ளியது.

என் அத்தை முப்பது வருஷமாக இட்லிக் கடை வைத்திருக்கிறார். நாலு பெஞ்சு போட்ட கடை. விடியற்காலை மூன்றரைக்கு அடுப்பு மூட்டினால் பதினொரு மணி வரை நின்றபடியே வேலை. முழங்கால் வலிக்குக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று டைக்ளோஃபினாக் மாத்திரை போடுவார். மருந்துக் கடையில் சீட்டு கேட்காமல் அட்டையாகவே எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு வருஷத்தில் மேல் வயிற்றில் எரிச்சல் ஆரம்பித்தது. அப்போதுதான் இந்த வெளியீடு அவர் கைக்கு வந்தது. அத்தை படித்தவர்கள் சொன்னால் நம்புகிறவர். மிளகாயை விட்டார், புளியை விட்டார், வெங்காயம் பூண்டை விட்டார். தன் கையால் அரைக்கிற காரச் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பதைக்கூட நிறுத்தினார். நாலு வேளையும் பால் குடித்தார். முழங்கால் மாத்திரையை மட்டும் விடவில்லை. விடச் சொல்லி அந்தப் பதினாறு பக்கத்தில் ஒரு வரி கிடையாது.

மண்டலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒரு நாள் காலையில் கூப்பிட்டார். "ரெண்டு நாளா தார் மாதிரி கறுப்பா போவுதுடா. கீரை தின்னதால இருக்கும்" என்றார். சொல்லும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பு என்பதே இல்லை. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. மருத்துவமனையில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பையின் கீழ்ப்பகுதி சிவந்து, அங்கங்கே அரித்து, ஒரு புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கிள்ளி எடுத்த சதைத் துணுக்கில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருந்தது. கிருமியும் வலி மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை அது.

கட்டிலில் படுத்தபடி அத்தை என்னைக் கேட்டார்: "நான்தான் எல்லாத்தையும் விட்டுட்டனே, அப்பறமும் ஏன்டா?" அந்தக் கேள்விக்கு வெளியீட்டை எழுதியவர்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டார் என்பதால் நான் எழுதுகிறேன்.

முதலில் கிருமி. பூச்சாண்டி என்கிறாரே, அது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று அவர் தேடிப் படித்ததற்கான அடையாளம் எழுத்தில் இல்லை. 1979-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், அழற்சி கண்ட இரைப்பைச் சதைகளில் சுருள் வடிவக் கிருமிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அமிலக் கடலில் கிருமி வாழாது என்றே அன்று மருத்துவ உலகம் நம்பியிருந்தது. பேரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் வாரனோடு சேர்ந்தார். 1982 ஈஸ்டர் விடுமுறையில் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் விடப்பட்ட தட்டில் கிருமி முதன்முதலாக வளர்ந்தது. அப்போதும் பலர் ஏற்கவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த நீரைத் தானே குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி. நல்ல நிலையில் இருந்த அவர் இரைப்பையில் அழற்சி உண்டாகியிருந்ததைக் குழாய் காட்டியது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மார்ஷல் அந்த வாரம் வத்தக்குழம்பு சாப்பிடவில்லை. வாரன் பார்த்த நோயாளிகளும் புளியோதரையும் பூண்டுக் குழம்பும் தின்று வளர்ந்தவர்கள் இல்லை. ராஜச உணவே காரணம் என்றால் பெர்த்தில் இந்த நோய் தலைகாட்டியே இருக்கக் கூடாது.

அந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. அந்தக் காரத்தன்மை அதைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணிக்கிறது. அந்தப் பாதுகாப்பில் கிருமி இரைப்பையின் சளிப்படலத்துக்குள் துளைத்துப் போய்க் குடியேறுகிறது. அங்கே வருஷக்கணக்கில், பலருக்கு ஆயுள் முழுக்க, அழற்சியை மூட்டிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது. நெருக்கமான வீடும் அசுத்தமான தண்ணீரும் அதற்கு வழி விடுகின்றன. பிறந்ததிலிருந்து பூண்டு வாசனையே அறியாத வீட்டுப் பிள்ளைக்கும் அது வரும்.

அடுத்தது, "எல்லார் வயிற்றிலும் இருக்கிறது, ஆகவே அது காரணம் இல்லை" என்ற வாதம். கேட்கும்போது சரி போலத் தோன்றும். நம் நாட்டில் வளர்ந்தவர்களில் பெரும்பான்மையோருக்கு இந்தத் தொற்று உண்டு என்பது உண்மைதான். தொற்று உள்ள அனைவருக்குமே இரைப்பையில் ஏதோ ஓர் அளவு அழற்சி இருக்கும் என்பதும் உண்மை. வலியும் புண்ணும் ஒரு பகுதியினருக்குத்தான் வருகின்றன. காச நோய்க் கிருமியும் நம்மில் பலர் உடம்பில் உறங்கிக் கிடக்கிறது, சிலருக்கே நோயாகிறது. அதற்காகக் காச நோய்க்குக் கிருமி காரணம் இல்லை என்று யாராவது எழுதுவார்களா? இவர் தர்க்கத்தை இவருக்கே திருப்புகிறேன். மிளகாயும் புளியும் தமிழ்நாட்டில் எல்லார் வயிற்றிலும் இருக்கின்றன. எல்லாருக்குமா புண்? எல்லாரிடமும் இருப்பது காரணமாக முடியாது என்றால், முதலில் விடுதலை ஆக வேண்டியது அவர் கூண்டில் ஏற்றிய குழம்புதான்.

மிளகாய்க்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஏற்கெனவே அரித்துப்போன இடத்தில் காரம் பட்டால் எரியும். காரத்தைக் குறைத்தால் எரிச்சல் குறையும். முள் குத்திய காலில் உப்புத் தண்ணீர் பட்டால் எரிகிறது. எரிச்சலை உப்பு தந்தது, புண்ணை முள் தந்தது. உப்பைக் கழுவிவிட்டு முள்ளை உள்ளே விட்டால் கால் சீழ்தான் பிடிக்கும். மிக அதிகக் காரத்துக்கும் கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடுவதற்கும் இரைப்பைப் புற்றுநோயோடு தொடர்பு இருக்கலாம் என்று தென்னிந்தியாவில் நடந்த ஆய்வும் உண்டு. ஆகவே அளவு வேண்டும் என்று அவர் எழுதியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். காரணமே அதுதான், வேறு காரணம் இல்லை என்று எழுதியதால்தான் இந்த எதிர்வினை.

அந்தப் பதினாறு பக்கத்தின் மிகப் பெரிய குற்றம் அதில் இல்லாத ஒன்றுதான். வலி மாத்திரை. இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் சளியையும் ரத்த ஓட்டத்தையும் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள் பார்த்துக்கொள்கிறது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை வலியைக் குறைக்கும் அதே வேலையில் இந்தக் காவலையும் குறைத்துவிடுகின்றன. கிருமியும் உள்ள வயிற்றில் அவை விழுந்தால் ஆபத்து கூடுகிறது. இது திருவண்ணாமலை. பதினான்கு கிலோமீட்டரை வெறுங்காலில் சுற்றுகிற ஊர். பௌர்ணமிக்கு மறுநாள் மருந்துக் கடையில் கால் வலிக்கு மாத்திரை கேட்டு நிற்பவர்களை அவரும் பார்த்திருப்பார். மூட்டு வலிக்கு நாட்டு மருந்து என்று சொல்லி விற்கப்படும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்திருந்தது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. இந்த ஊரில் உட்கார்ந்து வயிற்றுப் புண்ணைப் பற்றிப் பதினாறு பக்கம் எழுதுகிறவர், பூண்டுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிவிட்டு வலி மாத்திரைக்கு ஒரு வரிகூட ஒதுக்காததை எப்படி மன்னிப்பது?

சாராயமும் புகையிலையும் காரணங்களில் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே இரைப்பைச் செல்களைத் தாக்கும் வகையும் உண்டு. அதில் பி12 சத்தை உறிஞ்ச உதவும் பொருள் சுரக்காமல் போய் ரத்தசோகை வரும், கால் மதமதக்கும், நாக்கு வழவழவென்று ஆகிவிடும். பி12 மாமிசம், முட்டை, பாலில்தான் கிடைக்கிறது. இந்தப் பகுதியில் பாலையும் விட்டுவிட்டுப் பச்சைக் காய்கனி மட்டுமே உண்டு வாழ்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்வது நரம்பு கெடும்வரை காத்திரு என்று சொல்வதற்குச் சமம்.

பாலுக்கு வருவோம். நாலு வேளைப் பால் என்ற வைத்தியம் அவர் நினைப்பதுபோல ரிஷிகள் சொத்து இல்லை. 1915-இல் சிகாகோ மருத்துவர் பெர்ட்ரம் சிப்பி மணிக்கொரு முறை பாலும் பாலேடும் கொடுக்கும் முறையைப் புகுத்தினார். பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க அது நடந்தது. பிறகு கைவிடப்பட்டது. பால் குடித்த சற்று நேரத்துக்கு எரிச்சல் அடங்கும்; பாலில் உள்ள புரதமும் கால்சியமும் இரைப்பையை மறுபடி அமிலம் சுரக்கத் தூண்டும். அடங்கியது போலிருந்து மீண்டும் எரியும், மீண்டும் பால். போதாததற்கு, தென்னிந்தியாவில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைவு. வயிறு உப்பும், புரட்டும். மோர் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். மேற்கே கைவிட்ட முறையை விபூதி பூசி நம் மண்ணின் வைத்தியம் என்று கொடுக்கிறார் இவர்.

இப்போது பகவான் பெயர். இதுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

சிவப்பிரகாசம் பிள்ளை 1902 வாக்கில் கேட்ட கேள்விகளுக்கு ரமணர் தந்த விடைகளே 'நான் யார்?' நூல். அதில் அளவான சாத்விக உணவை எல்லா நியமங்களிலும் மேலானதாக அவர் சொல்கிறார். எதற்கு? மனத்தின் சத்துவ குணம் வளரவும், அதனால் ஆன்ம விசாரத்துக்கு உதவி கிடைக்கவும். இரைப்பை அழற்சிக்கு அவர் மருந்துச் சீட்டு எழுதவில்லை. அந்த உபதேசத்தில் அளவு என்ற சொல் முன்னால் நிற்கிறது. வெளியீட்டில் அது எங்கேயும் இல்லை. கீதையின் பதினேழாம் அத்தியாயத்தையும் இழுத்திருக்கிறார். அங்கே ராஜச உணவுப் பட்டியலில் உப்பும் இருக்கிறது. இவரோ உப்பில் ஊறிய மாவடுவையும் எலுமிச்சை ஊறுகாயையும் சாத்விகம் என்று சேர்த்திருக்கிறார். உப்பு மிகுந்த உணவு இரைப்பைச் சுவரைக் கெடுக்கும் என்பதும், கிருமி உள்ளவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் என்பதும் ஆய்வுகள் காட்டியவை. தான் மேற்கோள் காட்டும் நூலையே அவர் முழுசாகப் படிக்கவில்லை.

ரமணர் வயிற்றைப் பற்றி ஒரு பாட்டே பாடியிருக்கிறார். ஒரு விருந்து நாளில் எல்லாருக்கும் வயிறு கனத்துப்போயிருந்தது. ஒருவர் ஔவையாரின் 'நல்வழி'ப் பாட்டை எடுத்துச் சொன்னார். ஒரு நாள் உணவை விடு என்றாலும் விடாத, இரண்டு நாளுக்குச் சேர்த்து எடுத்துக்கொள் என்றாலும் எடுத்துக்கொள்ளாத வயிறே என்று மனிதன் நொந்துகொள்ளும் பாட்டு அது. உடனே ரமணர் வயிற்றின் பக்கம் நின்று எதிர்ப்பாட்டு இயற்றினார். ஒரு நாழிகையாவது எனக்கு ஓய்வு கொடுக்கிறாயா என்று வயிறு மனிதனைக் கேட்கும் பாட்டு. நோவுகிற வயிற்றின் மேல் பழி போடாமல் அதன் முறையீட்டைக் காது கொடுத்துக் கேட்டவர் அவர். அவர் பெயரை வைத்துக்கொண்டு வயிறு நோகிறவர்களைப் பார்த்து உன் கோபம், உன் ஆசை, உன் நாக்கு என்று விரல் நீட்டுவது எந்த விதத்தில் பக்தி?

1948-இன் கடைசியில் அவர் இடது கையில் கட்டி வந்தது. மருத்துவர்கள் அறுவை செய்தார்கள். திரும்ப வந்தது, திரும்பச் செய்தார்கள். நாலு முறை கத்தி வைத்தார்கள். நாட்டு வைத்தியமும் பார்த்தார்கள். 1950 ஏப்ரல் 14 அன்று அவர் உடலை விட்டார். அவரைவிட அளவாக, அவரைவிடச் சாத்விகமாக உண்டவர் யார்? அவருக்கும் நோய் வந்தது. மருத்துவர்கள் செய்த அறுவைகளை அவர் தடுக்கவும் இல்லை. நோய் வந்தவன் தவறு செய்தவன் என்ற கணக்கு இந்த மலையடிவாரத்தில் செல்லாது.

பின் அட்டையில் திருக்குறளின் மருந்து அதிகாரத்தையும் போட்டிருக்கிறார். செரித்தது அறிந்து, அளவு அறிந்து உண்ணச் சொல்லும் குறள்கள் மட்டும் இருக்கின்றன. 948-இலிருந்து மூன்று குறள்களைக் காணோம். நோய் எது, அது எதனால் வந்தது என்று ஆராய்ந்து பிறகு மருத்துவம் செய் என்பதும், நோயாளி, நோய், காலம் ஆகியவற்றின் அளவைப் பார் என்பதும், மருத்துவனும் மருந்தும் மருத்துவத்தின் அங்கங்கள் என்பதும் அந்த மூன்றில்தான் இருக்கின்றன. அதிகாரத்தில் எது தன் வாதத்தை உடைக்குமோ அதை நறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை அச்சிட்டிருக்கிறார். இது அறியாமை என்று என்னால் நம்ப முடியவில்லை.

குழாய் விட்டுப் பார்ப்பது எல்லாருக்கும் வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்வேன். மலத்தைச் சோதித்தும், ஊதச் சொல்லி மூச்சைச் சோதித்தும் கிருமியைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் கறுத்த மலம், ரத்த வாந்தி, காரணமில்லாமல் இளைப்பது, விழுங்கும்போது அடைப்பது, ரத்தசோகை, ஓயாத வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும், ஐம்பதைத் தாண்டி முதல்முறையாக இந்தத் தொல்லை வந்தாலும் குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியை 1994-இலேயே முதல் வகைப் புற்றுக் காரணி என்று அறிவித்தது. அடையாறு புற்றுநோய் நிறுவனம் நடத்தும் சென்னைப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் முன்னணிப் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. தொற்று உள்ளவர்களில் மிகச் சிலருக்கே அது வருகிறது. அந்தச் சிலரைக் கண்டுபிடிக்கும் வாசலைத்தான் இவர் ஒரு மண்டலத்துக்கு இழுத்துச் சாத்துகிறார்.

மாத்திரை போட்டால் திரும்பத் திரும்ப வருகிறது என்ற அவர் குறையில் பாதி உண்மை இருக்கிறது. அமிலம் குறைக்கும் மாத்திரையை மட்டும் வருஷக்கணக்கில் விழுங்கினால் நிறுத்தியதும் திரும்ப வரும். கிருமியை ஒழித்தால் புண் திரும்ப வருவது வெகுவாகக் குறைகிறது. அதற்கு இரண்டு ஆன்டிபயாடிக்கும் அமிலம் குறைக்கும் மருந்தும், பெரும்பாலும் பிஸ்மத்தும் சேர்த்துப் பதினான்கு நாள். நம் நாட்டில் கிருமி சில மருந்துகளுக்கு அடங்குவதில்லை. ஐந்தாம் நாள் எரிச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்தும் பழக்கமும் இதற்குத் துணை. பதினான்கு நாளும் முடிக்க வேண்டும். முடிந்து நாலு வாரமாவது கழித்துக் கிருமி போனதா என்று மறுபடி சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அமில மாத்திரையை மருத்துவரைக் கேட்டு நிறுத்த வேண்டும்.

அப்படியானால் சாப்பாட்டுக்கு வேலையே இல்லையா? உண்டு. புண் ஆறும்வரை வயிற்றுக்குத் தொந்தரவு தராமல் இருப்பது அதன் வேலை. ஒரே வேளையில் திணிக்காமல் அளவாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். ராத்திரி சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். வெறும் வயிற்றில் காப்பி வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பைக் குறையுங்கள். இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், மோர், சுரைக்காய், பாசிப்பருப்பு பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். மணத்தக்காளிக் கீரையை நம் பாட்டிமார் கொடுத்தார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள், ஆனால் அது கிருமியைக் கொல்லும் என்று காத்திருக்காதீர்கள். எது தின்றால் உங்களுக்கு எரிகிறது என்று ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள். எரிவதை மட்டும் விடுங்கள். மற்றதை விடாதீர்கள். ரத்தம் குறைந்த உடம்பைப் பத்தியத்தால் மேலும் வாட்டுவது மருத்துவம் ஆகாது.

நேரத்துக்குச் சாப்பிடாததால்தான் அல்சர் வந்தது என்று பாதி ஊர் சொல்லும். முன்சிறுகுடல் புண் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றில் வலி கூடும், சாப்பிட்டால் தணியும்; அதனால் வந்த நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையில் அனுபவம் இருக்கிறது, அன்பும் இருக்கிறது. இந்த வெளியீட்டில் இரண்டும் இல்லை. அதில் நோயாளியின் குணத்தின் மேல் குற்றச்சாட்டுதான் இருக்கிறது. மூன்றரைக்கு எழுந்து ஊருக்கு இட்லி ஊற்றுகிற பெண்ணிடம் உன் ராஜச குணம் உன் வயிற்றைத் தின்கிறது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அந்தப் பெரியவருக்கு ஒரு வேண்டுகோள். மிச்சமிருக்கும் பிரதிகளைத் திரும்பப் பெறுங்கள். அது முடியாது என்றால், முதல் பக்கத்தில் இரண்டு வரியாவது ஒட்டிக் கொடுங்கள்: வலி மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், மலம் தார் போலக் கறுத்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பதினாறு பக்கமும் சேர்ந்து செய்யாத நன்மையை அந்த இரண்டு வரி செய்யும்.

அத்தை பதினான்கு நாள் மாத்திரையை முடித்தார். மறு சோதனையில் கிருமி இல்லை. முழங்காலுக்கு டைக்ளோஃபினாக்கை விட்டுவிட்டார்; மருத்துவர் மாற்று எழுதிக் கொடுத்திருக்கிறார், கடையில் உட்கார ஒரு உயரமான முக்காலியும் வாங்கிப் போட்டிருக்கிறோம். போன வாரம் அவர் தட்டில் காரச் சட்னி இருந்தது. எரியவில்லை.